கன்னிக்குட்டிக்கு ஓர் ஆசான்

கரிசல்காட்டு நாய்களுக்கு நாடறிந்த பேர் உண்டு. கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் இடைசெவலை நடுவில் வைத்துச் சுற்றிப் பார்த்தால், தமிழகத்தின் பேர்பெற்ற வேட்டைநாய்களில் மூன்று இனங்கள் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவுக்குள் பிறந்தவை. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரான சிப்பிப்பாறை ஓர் இனத்துக்குத் தன் பெயரைத் தந்தது. மேற்கே மலையடிவாரத்து ராஜபாளையம் இன்னொன்றுக்குத் தந்தது. மூன்றாவது இனமான கன்னிக்கு ஒற்றை ஊர் கிடையாது. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர் என்று கறுப்பு மண் பரவிய இடமெல்லாம் அதன் ஊர்தான். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாய் வளர்க்க நினைப்பவர்கள் உள்நாட்டு இனத்தை வளர்க்கலாமே என்றார். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி நாட்டு இனங்கள்மேல் எழுந்த பற்று அதன்பின் இன்னும் கூடியது. இன்று கரிசலில் ஈன்ற குட்டி சென்னை அடுக்குமாடிக்கும் போகிறது, கோவை பங்களாவுக்கும் போகிறது.

போன குட்டி அங்கே எப்படி வாழ்கிறது என்பதுதான் என் கவலை. இங்கேயே, பிறந்த மண்ணிலேயே, அது எப்படி வாழ்கிறது என்பதும்.

கன்னியும் சிப்பிப்பாறையும் முயலுக்காக வார்க்கப்பட்ட உடம்பு. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழ்ந்த நெஞ்சு, தூரத்தில் புல் அசைவதைப் பிடிக்கிற கண். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கியது. அது சரியான சட்டம். ஆனால் அதோடு இந்த நாயின் தொழில் போயிற்று. தொழில் போன நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைத்த விடை சங்கிலி. தொழுவத்துத் தூணில் மூன்று முழச் சங்கிலி, ஒரு அலுமினியத் தட்டு, வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பெருமை. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், கட்டியே கிடக்கிற நாயை நடக்க ஓட விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் விதித்திருக்கும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகையை வைத்துப் பார்த்தால், இந்த உயிரைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் ஏறக்குறைய முழுக்க நம் மனச்சாட்சியிடமே விட்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

சங்கிலிக்கு மாற்று பயிற்சி. கூப்பிட்டால் வருகிற நாயைக் கட்டிவைக்க வேண்டியதில்லை. அந்நியரைப் பார்த்து மிரளாத நாயை விருந்தினர் வரும்போது அறையில் அடைக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கோழியைத் தொடாத நாய்க்கு யாரும் விஷம் வைக்கமாட்டார்கள். கிராமத்தில் நாயின் ஆயுளைத் தீர்மானிப்பது பல நேரம் நோய் அல்ல, கோழிதான். ஒரு கோழி போனால் ஒரு சண்டை, இரண்டாவது கோழி போனால் நாய் இருக்காது. வெறும் பாசத்தை வைத்து நாயை இதிலிருந்து காப்பாற்ற முடியாது. பழக்கம்தான் காப்பாற்றும்.

"நாய்க்கு எதுக்கு அண்ணாச்சி பள்ளிக்கூடம்? எங்க தாத்தா காலத்துல எந்த நாய் படிச்சுது?" என்று இந்தப் பக்கத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லியே ஆகவேண்டும். தாத்தா காலத்து நாயும் படித்தது. பள்ளிக்கூடம் வேறாக இருந்தது, அவ்வளவே. குட்டி தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் தொழுவத்தில் உருண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்பதைக் கற்றது. ஆட்டுக்குட்டியோடும் கோழியோடும் ஒரே முற்றத்தில் வளர்ந்தது. கம்பங்கூழோ மோர்ச்சோறோ வைத்த கையை அறிந்தது. பெரிய நாயின் பின்னால் பிஞ்சைக்குப் போனது, "தோ... தோ" என்ற குரலுக்குத் திரும்பி வந்தது. களத்தில் பத்துப் பேர் வேலை செய்ய, மாட்டுவண்டி போக, பிள்ளைகள் கத்த, இத்தனைக்கும் நடுவில் பயமின்றி நிற்கப் பழகியது. அந்தப் பள்ளி இன்று இல்லை. முற்றம் சிமென்ட் ஆகிவிட்டது, ஆடு குறைந்துவிட்டது. குட்டி முப்பது நாளில் அட்டைப்பெட்டியில் ஏறிப் பஸ்ஸில் வந்து இறங்குகிறது. வந்த வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பழைய முறையிலும் அடி இருந்தது, இரக்கமற்ற கழிப்பும் இருந்தது, அதையெல்லாம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. ஆனால் அது தானாகக் கொடுத்த பாடங்களை இனி நாம் திட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த முப்பது நாள் கணக்கே முதல் பிழை. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. காரணம் இருக்கிறது. பல்லின் அளவைக் கற்றுக்கொடுப்பது கூடப்பிறந்த குட்டிகள்தான். அந்தப் பாடம் முடியாமல் வந்த குட்டி உங்கள் பிள்ளையின் கையில் அதைப் படிக்கும். அப்புறம் "கடிக்கிற நாய்" என்று பேர் வாங்கும்.

இரண்டாவது, காலம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965-இல் ஒரு பெருநூலாக எழுதினார்கள். குட்டியின் வாழ்வில் ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு சாளரம் திறந்திருக்கிறது என்பது அந்த ஆய்வுகளின் சாரம். அந்த நாட்களில் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் அதற்கு உறவு. அதற்குப் பிறகு சந்திப்பதெல்லாம் சந்தேகத்துக்குரியது. அதே ஆய்வுக்கூடத்தில் 1961-இல் வெளியான ஒரு சோதனையில், வேலியிட்ட வயலில் மனித முகமே பழகாமல் வளர்ந்த குட்டிகளைப் பதினான்காவது வாரத்தில் முதல்முதலாகத் தொட முயன்றார்கள். அவை காட்டு விலங்குபோல் ஒதுங்கின. பிறகு பழக்கியும் முழுதாகத் திரும்பவில்லை. ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பயிற்சிக்கு அனுப்பலாம் என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் தொடங்குவது படிப்பு அல்ல, பழுது பார்ப்பு.

இங்கே ஒரு உண்மையான இக்கட்டு வருகிறது. தடுப்பூசி. பார்வோ வைரஸ் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். 1978 வாக்கில் உலகெங்கும் தலைகாட்டிய அந்த நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆறு எட்டு வாரத்தில் முதல் ஊசி, பின் மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து, பதினாறு வாரம் வரை. வெறிநோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில். எல்லா ஊசியும் முடியட்டும் என்று காத்திருந்தால் சாளரம் மூடிவிடும். காத்திராமல் தெருவில் விட்டால் குட்டியே போய்விடலாம். அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் இந்த இக்கட்டுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. ஏழெட்டு வாரத்திலேயே வகுப்பைத் தொடங்கலாம். குறைந்தது முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும், குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், வகுப்பு நடக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், உடன்வரும் குட்டிகளும் ஊசி போட்டவையாக இருக்க வேண்டும். நம் ஊருக்கு இதை அப்படியே எடுத்துவர முடியாது, ஊசி போடாத நாய்கள் இங்கே அதிகம். ஆகவே இடத்தைப் பார்த்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயமாகச் செய்யலாம். குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு டீக்கடை வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகலாம். லாரி ஆரன், டிராக்டர், ஹெல்மெட் போட்ட ஆள், தடி ஊன்றிய பாட்டி, சைக்கிளில் வரும் பிள்ளைகள், வேலிக்கு அப்பால் மேயும் ஆடு. ஒவ்வொன்றையும் அது தூரத்தில் இருந்து பார்க்கட்டும். பார்க்கும்போது அவித்த முட்டையில் ஒரு துணுக்கு கொடுங்கள். சிவகாசி அருகில் இருக்கிற நமக்கு வெடிச் சத்தம் வருஷம் முழுவதும் உண்டு. அதற்கும் தொலைவிலிருந்து, மெல்லிய சத்தத்திலிருந்து பழக்க வேண்டியது இந்த வாரங்களில்தான்.

எனவே எந்த வகுப்புக்குப் போவதென்று விசாரிக்கும்போது, "எத்தனை மாதக் குட்டியைச் சேர்ப்பீர்கள்?" என்பது முதல் கேள்வி. "தடுப்பூசி அட்டை பார்ப்பீர்களா?" என்பது இரண்டாவது. அட்டையைக் கேட்காத வகுப்புக்குக் குட்டியைக் கொண்டுபோகவே கூடாது.

மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் உயிர். குட்டி தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இதைக் கேட்டுவிட்டு, பயிற்றுநர் சொல்லும் பதிலைவிட அவர் கையைக் கவனியுங்கள்.

நாய்ப்பயிற்சியில் இரண்டு பரம்பரைகள் இருக்கின்றன. ஒன்று போலீஸ் பயிற்சிக்களத்திலிருந்து வந்தது. கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி 1910-இல் எழுதிய கையேடு அதன் தொடக்கங்களில் ஒன்று. நாயை வசப்படுத்து, எதிர்த்தால் வலிக்கச் செய், பணிந்தால் விட்டுவிடு என்பது அதன் சாரம். கழுத்தை இறுக்கும் சோக் செயின், முள் பதித்த பெல்ட், இப்போது ஷாக் காலர் எல்லாம் அந்த வம்சம். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆள்வதாகவும், ஆகவே வீட்டில் நாம் அந்தத் தலைவனாக வேண்டும் என்றும் இதற்கு ஒரு தத்துவமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கருத்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதை 1970-இல் தம் நூலால் பரப்பிய டேவிட் மெக் என்ற அறிஞரே 1999-இல், காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பம்தான், அங்கே தலைமைக்கான ஓயாத சண்டை இல்லை என்று திருத்தி எழுதினார். திருத்தம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. நம் ஊர் டிரெயினர்கள் பலர் வாயில் பழைய பாடமே இன்னும் இருக்கிறது.

இன்னொரு பரம்பரை கடலிலிருந்து வந்தது என்றே சொல்லலாம். கேரன் பிரையர் 1960-களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, அடிக்கவும் முடியாது. பிடிக்கவில்லையென்றால் அது நீந்திப் போய்விடும். ஆகவே சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். அவ்வளவுதான் கருவி. அந்த அனுபவத்தை 1984-இல் அவர் நூலாக எழுதியபின் நாய்ப்பயிற்சி உலகின் பெரும்பகுதி மாறத் தொடங்கியது. சரியானதைப் பிடித்துப் பாராட்டு, தவறுக்கு இடம் கொடுக்காதபடி சூழலை அமை, தவறியதைக் கண்டுகொள்ளாதே. கேட்க மென்மையாக இருக்கிறது. உண்மையில் இது அடிப்பதைவிடக் கடினம். அடிக்கக் கோபம் போதும். இதற்குக் கவனமும் நேரமும் பொறுமையும் ஒவ்வொரு நாளும் வேண்டும்.

அடித்துப் பழக்கிய நாய் சொன்னபடி கேட்கிறதே என்பார்கள். கேட்கும்தான். 1967-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களுக்குத் தப்பவே முடியாத மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய இடத்தில் விட்டபோதும் அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை, கிடந்து வாங்கிக்கொண்டன. கொடிய சோதனை அது. இன்று அப்படிச் செய்ய எந்த அறநெறிக் குழுவும் ஒப்பாது. ஆனால் அது காட்டியதை மறக்கக் கூடாது. அசையாமல், வால் ஒடுங்கி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும் நாயைப் "பணிவு" என்று விளம்பரப் படத்தில் காட்டுகிறார்கள். அது பணிவு அல்ல, கைவிட்டுவிட்ட நிலை. போர்த்துகலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. வலியும் மிரட்டலும் அதிகம் பயன்படுத்தும் பள்ளிகளில் படித்த நாய்களிடம் மன அழுத்தத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன, பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவு உயர்ந்தது.

கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்போருக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். இவை லாப்ரடாரும் அல்ல, அல்சேஷனும் அல்ல. அல்சேஷனின் முன்னோர் மேய்ப்பன் முகத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து வேலை செய்தவை. முயலைத் துரத்தும் கன்னி யார் முகத்தையும் பார்ப்பதற்கில்லை. முயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தக் கணத்தில் தானே முடிவு செய்ய வேண்டும். தலைமுறை தலைமுறையாக நாம் தேர்ந்தெடுத்து வளர்த்தது அந்தத் தன்முடிவைத்தான். அதை இன்று வகுப்பில் நிறுத்தி, லாப்ரடார் பத்து முறை செய்ததை இது இரண்டு முறை செய்துவிட்டு நிற்கிறது என்று "முரண்டு பிடிக்கிறது" என்றால், அது நாயின் குற்றமில்லை. இதன் தோல் மெல்லியது, கழுத்து நீண்டது, குரல் உயர்ந்தாலே ஒடுங்கிவிடும். சோக் செயின் இந்தக் கழுத்தில் படவே கூடாது. தலை குறுகியதால் சாதாரண பெல்ட் நழுவிவிடும். அகலமான, மெத்தென்ற பட்டை வேண்டும். உடம்பில் கொழுப்பு இல்லாததால் வெறும் சிமென்ட் தரையில் நெடுநேரம் "சிட்" சொல்லி உட்காரவைப்பது இதற்குத் துன்பம். வகுப்பு ஐந்து ஐந்து நிமிடமாக, நடுவில் ஓட விட்டு, வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் பகல் பத்து மணிக்கு மைதானத்தில் வகுப்பு வைக்கிறவருக்கு இந்த நிலமும் தெரியவில்லை, நாயும் தெரியவில்லை.

ராஜபாளையம் குட்டிக்கு இன்னொன்று. அந்த வெள்ளை உடம்போடு பிறவிக் காதுகேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்தே வரும். கூப்பிட்டுத் திரும்பாத குட்டியைத் திமிர் என்று அடிக்கிறவர்கள் உண்டு. குட்டி தூங்கும்போதோ வேறு பக்கம் பார்க்கும்போதோ பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் அதைக் கையசைவால் பழக்கலாம், நன்றாகவே பழகும். முதல் நாளே இதைச் சோதித்துப் பார்க்கும் பயிற்றுநர் நம்பத்தக்கவர்.

எல்லாக் கட்டளைகளிலும் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், கரிசல்காட்டுக் குட்டிக்கு "வா" என்பதைக் கற்றுக்கொடுங்கள். இடைசெவலை ஒட்டி நான்குவழிச் சாலை போகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் எதுவோ அசைந்தால் இந்த இனம் ஓடும், லாரி வருவது அதன் கண்ணில் படாது. "வா" என்ற குரலுக்கு அது திரும்ப வேண்டுமென்றால், அந்தக் குரலுக்குப் பின்னால் ஒருமுறைகூட அடியோ அதட்டலோ வந்திருக்கக் கூடாது. கோழியைப் பிடித்துவிட்டு நிற்கிற நாயைக் கூப்பிட்டு, வந்ததும் அடித்தால், அது கற்பது ஒன்றுதான். கூப்பிட்டால் போகக் கூடாது.

இன்று பெருநகரங்களில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. குட்டியை முப்பது நாளோ நாற்பத்தைந்து நாளோ பயிற்றுநர் இடத்திலேயே விட்டுவிடுவது, பழக்கி முடித்ததும் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இது வசதியாகத் தெரிகிறது. நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே என்ன நடந்தது என்பதை உங்களிடம் சொல்ல அந்தக் குட்டிக்கு வாய் இல்லை. இந்த நாட்டில் நாய்ப் பயிற்றுநர் ஆவதற்குச் சட்டப்படி எந்தத் தகுதித் தேர்வும் கிடையாது, யாரும் பலகை மாட்டலாம். தவிர, கற்பது நாய் மட்டுமில்லை. மத்தியப் பிரதேசத்து டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் நடத்தும் நாய்ப் பயிற்சி மையத்துக்குப் போகிற காவலர், நாயோடு சேர்ந்து தாமும் பயிற்சி பெறுகிறார். பயிற்சி முடிந்ததும் அந்த இருவரும் ஒன்றாகவே ஊர் திரும்புகிறார்கள். போலீஸ் நாயையே தனியாக அனுப்பிப் பழக்குவதில்லை என்னும்போது, நம் வீட்டுக் குட்டியை மட்டும் பார்சல் அனுப்புவதுபோல் அனுப்பித் திரும்பப் பெறலாம் என்று எப்படி நினைக்கிறோம்? வாரம் ஒருநாள் வகுப்பு, நீங்கள் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், பயிற்றுநர் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும், மற்ற ஆறு நாளும் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டும். அப்படி நடத்துகிறவரைத் தேடுங்கள். வீட்டிலுள்ள எல்லாரும் வரலாம் என்று அவர் சொன்னால் இன்னும் நல்லது. அப்பா ஒரு சொல், பிள்ளை ஒரு சொல், பாட்டி ஒரு சொல் என்று சொன்னால் எந்தக் குட்டிக்கும் விளங்காது.

குட்டியைச் சேர்க்குமுன் ஒருமுறை, குட்டி இல்லாமல் போய் வகுப்பைப் பாருங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே பழகுகிற நாய்கள் பயிற்றுநர் பக்கம் வாலாட்டிக்கொண்டு ஓடுகின்றனவா, அல்லது அவர் கை உயர்ந்ததும் காதை மடித்துக் குறுகுகின்றனவா? இதற்கு நிபுணர் கண் தேவையில்லை, ஆடு மாடு வளர்த்த எவருக்கும் தெரியும். பத்து நாளில் கியாரண்டி என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். உயிருக்குக் கியாரண்டி கொடுப்பவர் அந்த உயிரை அறியாதவர். ஒரே வகுப்பில் இருபது நாய், ஒரு பயிற்றுநர் என்றால் அங்கும் வேண்டாம். பெரிய நாயையும் எட்டு வாரக் குட்டியையும் ஒன்றாகக் கலந்து விடுகிற இடமும் வேண்டாம்.

இவ்வளவு கவலை ஒரு நாய்க்குட்டிக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்குச் சென்னையை நினைவூட்டுகிறேன். 2024 மே மாதம் ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன்பின் தடை, உரிமம், வாய்ப்பூட்டு என்று பேச்சு நடந்தது. எந்த இனத்தைத் தடை செய்வது என்றே வாதம் சுற்றியது. குட்டியாக இருந்தபோது அவற்றை யார் எப்படிப் பழக்கினார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பழக்காத நாயின் விலையை எப்போதும் அடுத்தவர் பிள்ளைதான் கொடுக்கிறது.

நம் பிள்ளையும் கொடுக்கிறது, வேறு விதமாக. வீட்டில் நம்மைவிடச் சிறிய, நம்மை எதிர்க்க முடியாத, நம் சோற்றை நம்பியிருக்கிற ஓர் உயிரிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். மூத்திரம் பெய்த குட்டியின் மூக்கை அதில் தேய்க்கும் அப்பாவைப் பார்த்து வளரும் பையன், நாளை தன் கீழ் வேலை செய்பவரிடமும் தன் மனைவியிடமும் எந்தப் பாடத்தைக் கொண்டுபோவான்? அதிகாரம் கையில் இருக்கும்போது அதை அடக்கிக்கொள்ளப் பழகுவது ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் கற்க வேண்டியது. அதற்கு வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் முதல் வாய்ப்பு அந்தக் குட்டி. அதனால்தான் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதை வெறும் செலவுக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. நம் சார்பில் ஓர் உயிர்மேல் கை வைக்க யாருக்கு அனுமதி தருகிறோம் என்ற கேள்வி அது.

இடைசெவலிலோ பக்கத்துக் கிராமங்களிலோ இருப்பவர் இப்படியொரு வகுப்பைத் தேடினால் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போகவேண்டிய நிலை இருக்கிறது. உலகறிந்த நாய்கள் பிறந்த மண்ணில் அவற்றைப் பழக்கச் சொல்லித்தர ஓர் இடம் இல்லை என்பது நமக்குப் பெருமை அல்ல. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கோவில்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. குட்டிக்கு முதல் ஊசி போட வருகிற அன்றே, அந்தக் குடும்பத்தோடு அரை மணி நேரம் பேசி, மாதம் ஒரு ஞாயிறு காலையில் ஊசி போட்ட குட்டிகளுக்கு மட்டும் சுத்தமான ஓரிடத்தில் வகுப்பு நடத்தப் பெரிய பணம் தேவைப்படாது. கல்லூரி மாணவர்களுக்கும் அது படிப்பு. நாட்டு நாய் இனக் காப்புக்கு என்று பேசுகிற அமைப்புகள் கண்காட்சிக்கும் பரிசுக் கோப்பைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்குத் தரலாம். ஊராட்சிகள் இதை எழுதிக் கேட்க வேண்டும், கால்நடைத் துறை இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டி விற்கிறவர்களும் எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்யட்டும்.

வாங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் இந்த நாய்க்கு ஓட இடமும் உடன் நடக்க ஓர் ஆளும் உங்கள் வீட்டில் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கன்னிக்குட்டி வாங்காதீர்கள். உண்டு என்றால், குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பயிற்றுநரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.